இரண்டு தாலியும் ஒரே முகூர்த்தத்தில்

கேதீஸ்வரிக்கு நீலக் கதவு வைத்த கல்வீடு ஒன்று இருந்தது. கூரைக்கு ஓடு, தரைக்குச் சீமெந்து, குசினிக்குப் புகைபோக்கி எல்லாம் உண்டு. வீட்டைப் பூட்டித் திறக்கும் திறப்பு அவளுடைய மடிக்குள்ளேயே கிடந்தது. இருந்தும் அவள் வருஷக்கணக்காகக் கூப்பிடு தூரத்தில் ஒரு தகரக் கொட்டிலில்தான் குடியிருந்தாள். ஏனென்று கேட்டால், சர்வதேசக் கல்வியை வளர்ப்பதற்காக என்று சொல்லுவாள். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்காது.

அவளுக்குப் பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். பைத்தியம் வேறு இடத்தில் இருந்தது. அதற்குப் புளியந்தீவில் குளிரூட்டிய அலுவலகமும் வாசலில் ஒரு காவலாளியும் இருந்தன. பெயர், உலகக் கல்விப் பரிமாற்ற ஒன்றியம்.

கடல் வந்து போன மறு வருஷம், குருக்கள்மடத்துக்குக் கிட்ட ஒரு தென்னந்தோட்டத்துக்குள் வரிசையாகத் தகரக் கொட்டில் அடித்துச் சனங்களை இருத்தியிருந்தார்கள். அதில் ஒன்றில் கேதீஸ்வரியும் புருஷன் இளையதம்பியும் மகள் பிரஷாந்தியும் இருந்தார்கள். முன்பு கடற்கரையில் அவர்களுக்கு ஒரு வளவு இருந்தது. ஒரே வளவுக்குள் அக்கா கேதீஸ்வரிக்கு ஒரு வீடு, தங்கச்சிக்கு ஒரு வீடு. கடல் இரண்டு வீட்டையும் கொண்டுபோனது. தங்கச்சி கண்ணகையையும் கொண்டுபோனது. இளையதம்பி உள்ளே தள்ளியிருந்த உப்பேரியான களப்பில் வலை போட்டுக்கொண்டிருந்ததால் தப்பினான். பிரஷாந்தி வந்தாறுமூலையில் பல்கலைக்கழக விடுதியில் இருந்ததால் தப்பினாள். கேதீஸ்வரி எப்படித் தப்பினாள் என்பது அவளுக்கே சரியாகத் தெரியாது. ஒரு தென்னை மரத்தில் சேலை சிக்கியிருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

அந்தக் கொட்டிலுக்குள் ஒரு நாள் தலையைக் குனிந்து நுழைந்தார் ஒன்றியத்தின் பணிப்பாளர் வோல்ட்டர். டவுனில் பிறந்து, வெளிநாட்டில் படித்து, ஊருக்குச் சேவை செய்யத் திரும்பி வந்தவர். நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் விஷயம் ஒரே நாளில் முடிந்திருக்கும். நல்லவராக இருந்தபடியால் இவ்வளவு காலம் இழுபட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் ஒருவரோடு பேசினாலும் ஆயிரம் பேரோடு பேசுவது போலத்தான் பேசுவார்.

"அம்மா, பனி விழுகின்ற ஒரு தூர தேசத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாணவர் இங்கே வந்து உங்கள் குடும்பத்தோடு தங்குவார். உங்கள் மகள் இங்கேயிருந்து அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போவார். களப்பு மீன்களைப் பற்றி அவர் என்ன படிக்க விரும்புகிறாரோ அதையெல்லாம் அங்கே படிக்கலாம். இதற்குத்தான் மாணவர் பரிமாற்றம் என்று பெயர்."

பிரஷாந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். களப்புத் தண்ணீரில் எந்த மீன் எந்த மாதம் முட்டையிடுகிறது என்று பார்ப்பதற்கு ஒரு நல்ல ஆய்வுகூடம் கிடைத்தால் போதும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

கேதீஸ்வரி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு முகம் மலர்ந்தது. "விளங்கிரிச்சி சேர். மாத்துக் கலியாணம்!"

அவளுடைய கல்யாணமே மாற்றுக் கல்யாணம்தான். கேதீஸ்வரியை இளையதம்பி கட்டினான். இளையதம்பியின் தங்கச்சியைக் கேதீஸ்வரியின் அண்ணன் கட்டினான். அந்தப் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். அண்ணன் கரடியனாற்றுக்குப் போனான், இளையதம்பி இங்கே வந்தான். இப்படிக் கொடுத்து எடுக்கும் கல்யாணத்துக்கு ஒரு கண்டிப்பான ஒழுங்கு உண்டு. ஒரே பந்தல், ஒரே முகூர்த்தம், இரண்டு தாலியும் ஒரே நேரத்தில் ஏற வேண்டும். ஒரு பக்கம் முந்திவிட்டால் மற்றப் பக்கம் கைவிரித்துவிடலாம் அல்லவா? மணவறையில் கேதீஸ்வரியின் தாய் அவள் காதுக்குள் சொன்ன புத்தி ஒன்றே ஒன்றுதான்: "அங்கால தாலி ஏறும் வரைக்கும் இஞ்சால கழுத்தக் குனிஞ்சிராத மனே." அந்தக் கல்யாணத்தில் ஒரு சின்னக் குழப்பமும் நடந்தது. இளையதம்பி இருக்கும் இடத்தில் அதை யாரும் பேசுவதில்லை.

மாற்றுக் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டதும் வோல்ட்டருக்குப் பரவசமாகிவிட்டது. "அதேதான் அம்மா! எவ்வளவு ஆழமான உள்ளூர் அறிவு!" என்று கைகூப்பினார். அந்த வசனம் அந்த வருஷ அறிக்கையின் முதல் பக்கத்தில் வந்தது. வசனம் மட்டும்தான் வந்தது. ஒழுங்கு வரவில்லை.

முதல் மாணவி பிறீடா வந்து இறங்கிய நாளில்தான் அது தெரிந்தது. வாகனம் தென்னந்தோட்டத்துக்குள் வரும்போது கொட்டில் வாசலில் கும்பலாகச் சனம். பிரஷாந்தி தலை குளித்து, சாமி கும்பிட்டு, பெட்டியோடு நின்றாள். உடம்பில் முழங்கால் வரை நீண்ட கம்பளிக் கோட்டு. நிவாரணமாக வந்த மூட்டைகளுக்குள் கிடந்தது. வெயிலில் வெந்த சனத்துக்கு யாரோ புண்ணியவான் அனுப்பியது. அதற்கும் ஒரு காலம் வந்ததே என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஊரில் பாதிப் பேர் வழியனுப்ப வந்திருந்தார்கள். கரடியனாற்றிலிருந்து அண்ணன்கூடச் சோதனைச் சாவடி எல்லாம் ஏறி இறங்கி, ஒரு போத்தல் எருமைத் தயிரோடு வந்திருந்தான்.

பிறீடா இறங்கினாள். பிரஷாந்தி ஏறப் போனாள். சாரதி கதவைச் சாத்திவிட்டான்.

"இது வரவேற்பா? என்ன அற்புதம்!" என்று வோல்ட்டர் எல்லோரையும் நிறுத்தி வைத்துப் படம் எடுத்தார். கம்பளிக் கோட்டுக்குள் வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்ற பிரஷாந்தியை நடுவில் விட்டார்.

"சேர், என்ட புள்ள எப்ப ஏறுற?" என்று கேதீஸ்வரி கேட்டாள்.

"அம்மா, பரிமாற்றம் என்பது கட்டம் கட்டமாக நடக்கும் ஒரு செயன்முறை. இப்போது நடப்பது வருகைக் கட்டம். செல்கைக் கட்டம் அதன் இயல்பான வேகத்தில் மலரும்."

வாகனம் போய்விட்டது. அண்ணன் தயிர்ப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றான். பிரஷாந்தி கோட்டைக் கழற்றவில்லை. கழற்றினால் அழுதுவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வந்த பிள்ளை என்ன பாவம் செய்தது? பசித்த முகத்தோடு நின்ற பிறீடாவுக்குக் கேதீஸ்வரி தயிரும் சோறும் போட்டுக் கொடுத்தாள்.

பிறீடாவின் பாடத்துக்குப் பெயர் 'அனர்த்தமும் மனித அனுபவமும்'. பின்னேரங்களில் அனுபவப் பகிர்வு நடக்கும். கேதீஸ்வரி கடல் வந்த கதையைச் சொல்ல வேண்டும், பிரஷாந்தி மொழிபெயர்க்க வேண்டும், பிறீடா எழுத வேண்டும். ஒன்றியத்திலிருந்து ஒருவர் வந்து, மாணவி எவ்வளவு ஆழமாகப் பாதிக்கப்பட்டாள் என்று பார்த்துப் புள்ளி போடுவார். கண் கலங்கினால் பரீட்சையில் சித்தி. தேம்பி அழுதால் விசேட சித்தி.

கேதீஸ்வரி தொடங்கினாள். "அண்டைக்கு ஞாயிற்றுக்கிழம, போயா நாள்." நிறுத்தினாள். பிரஷாந்தி, போயா என்றால் பௌர்ணமி விடுமுறை என்று விளக்கி மொழிபெயர்த்தாள். "நானும் தங்கச்சியும் முத்தத்தில மீன் கழுவிக்கிட்டு இரிந்த." நிறுத்தினாள். மொழிபெயர்த்தாள். "அந்நேரம் கண்ணகை எழும்பி நிண்டாள்." அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

"மிச்சம், என்ட புள்ள போனாப் பொறகு" என்றாள் கேதீஸ்வரி. "நீங்க கட்டம் கட்டமா அனுப்புறீங்க. நானும் கட்டம் கட்டமாச் சொல்றன்."

வோல்ட்டர் ஓடி வந்தார். கெஞ்சினார். முடிவில்லாத கதைக்கு அங்கே புள்ளி கிடைக்காது, மாணவியின் எதிர்காலம் என்னாவது என்று நெஞ்சைத் தொட்டுப் பேசினார். கேதீஸ்வரி கழுத்தைக் குனியவில்லை. கடைசியில் ஒன்றியம் கூடி ஒரு முடிவுக்கு வந்தது. கதை முடியும் வரை திட்டத்தை நீடிப்பது. மகள் போகும் வரை கதை முடியாது. கதை முடியும் வரை திட்டம் முடியாது. இப்படித்தான் இரண்டு பக்கமும் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு ஒரே கொட்டிலுக்குள் மாட்டிக்கொண்டன. ஒரு வித்தியாசம், ஒன்றியம் இரவில் வீட்டுக்குப் போய் மின்விசிறிக்குக் கீழே படுத்தது.

செல்கைக் கட்டம் மலர்வதற்கு வேண்டிய எருவெல்லாம் போடப்பட்டது. முதலில் பனி ஒத்திகை. குளிரைத் தாங்குவாளா என்று பார்ப்பதற்குப் பிரஷாந்தியை மீனுக்கு ஐஸ் அடிக்கும் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போய், அதே கம்பளிக் கோட்டோடு ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் உட்கார்த்தி வைத்தார்கள். சுற்றிவரப் பாரை மீன்கள் வாயைத் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவளுக்குக் காய்ச்சல் பிடித்தது. "காலநிலை ரீதியாக இன்னும் பக்குவப்படவில்லை" என்று அறிவித்தார்கள். அடுத்த வருஷம் மறுபடி உட்கார்த்தினார்கள். இந்த முறை காய்ச்சல் வரவில்லை; அவள் குளிருக்கு ஏற்கெனவே பழகிவிட்டதால் அங்கே போய்ப் புதிதாக என்ன அனுபவத்தைப் பெறப்போகிறாள் என்று சந்தேகம் தெரிவித்தார்கள்.

பிறகு பண்பாட்டு அதிர்ச்சிப் பரீட்சை. வோல்ட்டரே கேள்வி கேட்டார்.

"அந்த நாட்டில் வயது போன தாய் தகப்பனைத் தனியாக ஓர் இடத்தில் விட்டுவிடுவார்கள். வெளியாட்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். உமக்கு எப்படி இருக்கும்?"

"பழக்கம்தான் சேர்" என்றாள் பிரஷாந்தி. "எங்கட அம்மாவையும் அப்பிடித்தான் வெச்சிரிக்கிறீங்க."

அவள் சித்தியடையவில்லை. அதிர்ச்சி அடையாத ஒருவரை அதிர்ச்சிக்குத் தயார்ப்படுத்த முடியாது என்பது விதி.

இதற்குள் இன்னொரு நிறுவனம் சனத்துக்குக் கல்வீடு கட்டிக் கொடுத்தது. கேதீஸ்வரிக்குக் கிடைத்ததுதான் அந்த நீலக் கதவு வீடு. பிரஷாந்தியின் பேருக்கு எழுத வேண்டிய வீடு. பெண் பிள்ளைக்கு வீடில்லாமல் எந்த மாப்பிள்ளை வருவான்? பால் காய்ச்ச நாள் பார்த்துப் புதுப்பானையும் வாங்கியாயிற்று. அன்றைக்குத்தான் வோல்ட்டர் வந்தார். இந்த முறை அவருடைய குரலில் உண்மையான துயரம் இருந்தது.

"அம்மா, கல்வீட்டுக்குப் போனால் நீங்கள் பாதிக்கப்பட்டவராக இருக்க மாட்டீர்கள். பாதிக்கப்படாதவர் வீட்டில் மாணவர் எதைப் படிப்பார்? இங்கே வந்து தங்குவதற்குக் கொட்டில் இல்லையென்றால் பரிமாற்றத்தில் ஒரு பக்கம் இல்லை. ஒரு பக்கம் இல்லையென்றால் மறு பக்கமான உங்கள் மகளின் இடம் தானாகவே விழுந்துவிடும். நான் உங்களைத் தடுக்கவில்லை. திறப்பு உங்கள் கையில்தான் இருக்கிறது."

திறப்பு அவள் கையில்தான் இருந்தது. கேதீஸ்வரி மகளைப் பார்த்தாள். மகள் நிலத்தைப் பார்த்தாள்.

"அம்மா, நாம போவம். எனக்கு ஒரு நாடும் வேணா" என்றாள் பிரஷாந்தி.

"சும்மா இரி மனே. இவ்வளவு காலம் இரிந்திட்டம். இன்னும் கொஞ்சம்தானே" என்றாள் தாய். இந்தக் 'கொஞ்சம்' என்ற சொல் மனிதரை என்ன பாடு படுத்துகிறது!

மற்றக் கொட்டில்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கடைசியில் தென்னந்தோட்டத்துக்குள் கேதீஸ்வரியின் கொட்டில் மட்டும் ஒற்றையாக நின்றது, ஒன்றியத்தின் பெயர்ப்பலகையோடு. தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்தபோது திருத்திக் கொடுக்க ஒன்றியம் தயங்கவில்லை. புதுத் தகரம் அடித்தால் அனுபவத்தின் தரம் குறைந்துவிடும் என்று, எங்கெல்லாமோ தேடி அதைவிடப் பழைய துருத் தகரமாகப் பொறுக்கி வாகனத்தில் ஏற்றி வந்து அடித்தார்கள். தோட்டத்துக்கு மின்சாரக் கம்பி வந்தபோது இந்த ஒரு கொட்டிலுக்கு மட்டும் வேண்டாம் என்று நன்றியோடு மறுத்தார்கள். பனி நாட்டிலிருந்து பல்கலைக்கழகப் பீடாதிபதி பார்க்க வந்த அன்று, கல்வீடுகளுக்குப் போய்விட்ட பழைய அயலவர்களை வேன் பிடித்துக் கூட்டிவந்து, முன்பு அவரவர் கொட்டில் இருந்த இடத்தில் வெறும் மணலில் இருத்தினார்கள். அவர்கள் குடை பிடித்துக்கொண்டு இருந்தார்கள். குடையை மடக்கச் சொன்னார்கள்.

பிறீடா போய் மத்தியாஸ் வந்தான். மத்தியாஸ் போய் இன்னொருத்தி வந்தாள். எல்லாம் தங்கமான பிள்ளைகள். மீன் கழுவப் பழகினார்கள், கேதீஸ்வரியை 'அம்மா' என்றார்கள், போகும்போது கட்டிப்பிடித்து அழுதார்கள். எல்லோருக்கும் கண்ணகை எழும்பி நிற்பது வரைதான் கதை கிடைத்தது.

பிறகு யுத்தம் மறுபடி மூண்டு, களப்புக்கு அக்கரையில் கரடியனாறு இருக்கும் படுவான்கரைப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியது. ஒரு மத்தியானம் கரடியனாற்று அண்ணன் பெண்சாதி பிள்ளைகளோடும் இரண்டு மூட்டையோடும் கொட்டில் வாசலில் வந்து நின்றான். அவர்களை உள்ளே இருத்திப் பானையை அடுப்பில் வைப்பதற்குள் வோல்ட்டருக்குத் தகவல் போய்விட்டது.

"அம்மா, இவர்கள் யுத்தத்தால் பாதிக்கப்பட்டவர்கள். இது கடலால் பாதிக்கப்பட்டவர்களின் கொட்டில். இரண்டு துயரத்தையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்தால், எந்தக் கண்ணீர் எதற்குரியது என்று மாணவர்கள் குழம்பிப் போவார்கள். யுத்தம் எங்கள் பாடத்திட்டத்தில் இன்னும் சேர்க்கப்படவில்லை."

கேதீஸ்வரி மடியிலிருந்து திறப்பை எடுத்து அண்ணனின் கையில் வைத்தாள். அண்ணன் குடும்பம் நீலக் கதவு வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறியது. வீட்டுக்காரி கொட்டிலில் இருந்தாள். மழை நாட்களில் அண்ணன் பெண்சாதி குடையோடு வந்து, "வா மச்சாள், வந்து உன்ட வீட்டில படு" என்று கூப்பிடுவாள். கேதீஸ்வரி போகமாட்டாள். ஒழுகாத இடமாகப் பார்த்துப் பாயை இழுத்துப் போட்டுக்கொள்வாள். இளையதம்பி இருட்டுக்குள் எழும்பி உட்கார்ந்து, "நாம கடலுக்குத் தப்பி வந்து இதுக்குள்ள புடிபட்டுப்போனம் கா" என்பான். அவனுக்கு வலையைத் தெரியும். உள்ளே போகிற மீனுக்கு வழி அகலமாகத்தான் இருக்கும்.

அண்ணன் குடும்பம் ஊர் திரும்பியது. பிரஷாந்தி பட்டம் பெற்றாள். வடக்கில் யுத்தம் முடிந்தது. அது முடிந்த சில கிழமைகளில், பெயர்ப்பலகைக்கு முன்னால் பந்தல் போட்டு ஒன்றியம் ஒரு விழா எடுத்தது. கேதீஸ்வரிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வோல்ட்டர் ஒலிவாங்கியைப் பிடித்தார். பந்தலுக்குள் ஒன்றியத்து ஆட்களும் கேதீஸ்வரி குடும்பத்து மூன்று பேரும்தான் இருந்தார்கள்.

"இந்தப் பரிமாற்றம் பூரண வெற்றி அடைந்துவிட்டது என்பதை மகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன். நாங்கள் மாணவர்களைத் தந்தோம். நீங்கள் துயரத்தைத் தந்தீர்கள். உலகில் இதைவிடச் சமமான பரிமாற்றம் எது? இனி நாங்கள் வடக்கே போகிறோம். அங்கே மக்கள் முகாம்களில் இருக்கிறார்கள். கற்பதற்கு நிறைய இருக்கிறது. ஆனாலும் உங்களை மறந்துவிட மாட்டோம். துயரத்துக்குப் பிறகு வருவது மீளெழுச்சி. அது தனிப் பாடம். அதற்கு உரிய காலம் வரும்."

கைதட்டியவர்கள் கைதட்டி முடிந்ததும் கேதீஸ்வரி பொன்னாடையோடு எழுந்தாள்.

"சேர், என்ட புள்ள?"

வோல்ட்டர் கனிவோடு சிரித்தார். "அம்மா, உங்கள் மகள் இப்போது பட்டதாரி. மாணவி அல்ல. இது மாணவர் பரிமாற்றம் அல்லவா? ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அவர் மொழிபெயர்த்த வசனங்களெல்லாம் அந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஒரு வகையில் அவர் அங்கேதான் இருக்கிறார்."

கேதீஸ்வரி இத்தனை வருஷமும் குனியாத கழுத்தைக் குனிந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் மகள் என்று வந்தால் வெட்கத்தைப் பார்க்க முடியுமா?

"மிச்சக் கதய இப்ப சொல்றன் சேர். இஞ்சயே சொல்றன். முழுக்கச் சொல்றன். அவள அனுப்பி விடுங்க."

"வேண்டாம் அம்மா" என்றார் வோல்ட்டர், அவளுடைய தோளைத் தொட்டு. "சிரமப்படாதீர்கள். வடக்கில் முடிவு வரைக்கும் சொல்லுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்."

பெயர்ப்பலகையைக் கழற்றி வாகனத்தில் ஏற்றினார்கள். துருத் தகரத்தையும் மறக்காமல் ஏற்றினார்கள். அங்கே தேவைப்படுமாம்.

அந்த வருஷம் கண்ணகையின் திவசம் அவர்கள் கடைசியில் குடிபுகுந்த நீலக் கதவு வீட்டில் வந்தது. கரடியனாற்று அண்ணனும் பெண்சாதியும், பழைய அயலவர்களும் வந்திருந்தார்கள். படையல் முடிந்து, சாப்பிட்டு, முற்றத்தில் பாய் போட்டு இருந்தபோது பிரஷாந்திதான் கேட்டாள். இப்போது அவள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. கோட்டு மட்டும் இன்னும் பெட்டிக்குள் இருந்தது.

"அம்மா, சின்னம்மா எழும்பி நிண்டா. மறுகா?"

கேதீஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். "அண்டைக்கு ஞாயிற்றுக்கிழம, போயா நாள்" என்றாள். நிறுத்தினாள். அவள் நிறுத்தியபடியே இருந்தாள். பிரஷாந்தியின் உதடு தன்பாட்டில் அசைந்து, ஆங்கிலத்தில் ஒரு சொல் பாதி வெளியே வந்துவிட்டது. வந்த சொல்லைக் கையால் பொத்திக்கொண்டு அவள் அழத் தொடங்கினாள்.

"அம்மா, இஞ்ச ஒருத்தரும் எழுதல்ல. எல்லாம் நம்மட ஆக்கள்தான்" என்றாள்.

கேதீஸ்வரி சுற்றிவரப் பார்த்தாள். கையைப் பிரித்துச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு வேறு குரலில், வீட்டுக் குரலில் சொன்னாள்.

"எழும்பி நிண்டு, மீன் கூடயத் தலையில கவுத்தாள் கா. தலப்பாவாம். செதிலெல்லாம் மூஞ்சில வழியிது. 'இஞ்ச பாருகா அக்கா, அத்தான் மணவறைக்கு வாறாரு' எண்டு நடந்து காட்டினாள்."

இளையதம்பி தலையைத் தொங்கப் போட்டான்.

"எங்கட கலியாணத்தண்டைக்கு ரெண்டு பொம்பிளயும் முக்காட்டோட இரிக்கம். இந்த மனிசன் நடுங்கி நடுங்கி வந்து, எனக்குப் பக்கத்தில இரிக்காம, அவர்ட தங்கச்சிக்குப் பக்கத்தில போய்க் குந்திட்டாரு! ஐயரும் மந்திரத்தத் தொடங்கிட்டாரு. இவரு தாலியக் கையில எடுத்திட்டாரு! சபை முழுக்கப் பாத்துக்கிட்டிரிக்கி, ஒருத்தருக்கும் விளங்கல்ல. நம்மட கண்ணகை சின்னப்புள்ள, அவள்தான் கத்தினாள், 'அத்தான், அது உங்கட தங்கச்சி!'"

முதலில் சிரித்தது அண்ணன் பெண்சாதி. அன்றைக்கு அந்த முக்காட்டுக்குள் இருந்தவளே அவள்தான். அடுத்து அண்ணன். அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் இளையதம்பியும் சிரித்தான். பிரஷாந்தி அழுத கண்ணோடு சிரித்தாள்.

"அத நடிச்சுக் காட்டினாள். கூடயோட, செதிலோட. வயிறு நோகச் சிரிச்சம். நான் மண்ணில விழுந்து கிடந்து சிரிச்சன். அதான் கா கடல் வந்த சத்தம் கேக்கல்ல" என்றாள் கேதீஸ்வரி. "இத எப்பிடி நான் அவங்களுக்குச் சொல்ற? சிரிச்சதுக்குப் புள்ளி போடுவாங்களா?"

அதைக் கேட்டதும் எல்லோருக்கும் இன்னும் சிரிப்பு வந்தது. அண்ணன் எழும்பி, ஒரு பனையோலைப் பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, நடுங்கி நடுங்கி நடந்தான். முற்றம் அதிரச் சிரித்தார்கள். அதனால்தான் வாசல் படலையடியில் வாகனம் வந்து நின்ற சத்தமும், மீளெழுச்சி, மீளெழுச்சி என்று வோல்ட்டர் பரவசத்தோடு யாருக்கோ சொல்லிக்கொண்டு இறங்கிய சத்தமும் ஒருவருக்கும் கேட்கவில்லை.